ஊர் என்றொரு வார்த்தை

என் கதை ஒன்றை இங்கிலீஷில் மொழிபெயர்க்க முன்வந்த நண்பர், என்னைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு வந்த முதல் நாளே ஒரு காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார். கதையில் தமக்கு ஏற்பட்ட சந்தேகங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் முக்கால் பக்கத்தை ஒரே ஒரு வார்த்தை அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய தத்துவ வார்த்தை ஒன்றும் இல்லை. பாமரரும் பண்டிதரும் நாளைக்கு நூறு தரம் சொல்லுகிற வார்த்தைதான்: ஊர்.

என் கதையில் அது நாற்பத்தோரு இடங்களில் வருகிறதாம். எழுதியவனாகிய நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்ப்பது மொழிபெயர்ப்பாளரின் தலைவிதி. எல்லா இடத்திலும் 'வில்லேஜ்' என்று போட்டுப் பார்த்திருக்கிறார். பதினாறு இடங்களில் அது ஒழுங்காக உட்கார்ந்தது. மற்ற இருபத்தைந்து இடங்களில் முரண்டு பிடித்தது.

"ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் சார் வேண்டும். இடத்துக்கு ஒன்றாக மாற்றிப் போட்டால், தமிழில் இது எல்லாம் ஒரே வார்த்தை என்பது இங்கிலீஷ் வாசகனுக்குத் தெரியாமலே போய்விடும்" என்றார்.

நியாயமான கவலை. நண்பர் பம்பாயிலே பிறந்து வளர்ந்தவர். வயது முப்பதுக்குள். பாட்டியிடம் தமிழ் பேசக் கற்றார். படிக்கத் தாமாகவே கற்றுக்கொண்டார். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "பம்பாய்தான். ஆனால் ஊர் மதுராந்தகம் பக்கம் என்று அப்பா சொல்லுவார். நான் பார்த்ததில்லை" என்றார்.

"பார்த்தீர்களா, இந்த ஒரு பதிலிலேயே உங்கள் 'வில்லேஜ்' செத்துப் போயிற்று" என்றேன். பிறந்த இடம் பம்பாய், வளர்ந்த இடம் பம்பாய், சம்பளம் வாங்குகிற இடம் பம்பாய். கண்ணால் கண்டிராத மதுராந்தகம் மட்டும் ஊர்!

அகராதிகள் இந்த விஷயத்தில் அதிகம் உதவி செய்வதில்லை. வின்ஸ்லோ பாதிரியாரின் அகராதி 1862-ல் வந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ் லெக்ஸிகன் 1924-ல் தொடங்கி 1936-ல் முற்றுப்பெற்றது. இரண்டும் மகத்தான உழைப்பு. ஆனால் அகராதியின் வேலை, வார்த்தை நிற்கிற இடங்களைப் பட்டியல் போடுவது. கிராமம் என்கும், பட்டணம் என்கும், இடம் என்கும். அந்த வார்த்தையைச் சொல்லுகிறவன் எங்கே நின்றுகொண்டு சொல்லுகிறான் என்பதை அகராதி சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். மறுநாள் காலை இருவரும் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினோம். கேட்கிற 'ஊர்'களை எல்லாம் குறித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

வண்டி புறப்படுவதற்குள்ளேயே முதல் ஊர் வந்துவிட்டது. கூடையோடு ஏறிய ஒரு கிழவி, "கண்ணு சரியாத் தெரியல, ஊரு வந்தா சொல்லுப்பா" என்றாள். "எந்த ஊரும்மா?" என்றார் கண்டக்டர். "எங்க ஊருதான்!" என்றாள் கிழவி, கொஞ்சம் கோபமாகவே. கண்டக்டர் மேலே ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் டெலிபோனில், "நான் ஊர்லயே இல்ல சார், வந்ததும் முதல் வேலையா குடுத்துடறேன்" என்று யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் செங்கல்பட்டு எல்லையைத் தாண்டவில்லை. நண்பர் சிரித்துக்கொண்டே, "இதற்கு இங்கிலீஷில் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'" என்று எழுதினார். சரியான பதம்தான். ஆனால் அதைச் சொல்லுவது இந்தியாவில்தான். வெள்ளைக்கார உத்தியோகஸ்தனுக்கு இங்கே ஊர் கிடையாது. வேலை பார்க்கிற 'ஸ்டேஷன்'தான் உண்டு. அவனுடைய ஸ்டேஷனை வாங்கி, அதற்குள் நம்முடைய ஊரைக் குடிவைத்துவிட்டோம். 'நேட்டிவ் பிளேஸ்' என்பதும் அப்படிப் பிறந்த பிரயோகம்தான். ஆக, இந்த வார்த்தையை மொழிபெயர்க்கிற காரியம் நம் நண்பரோடு தொடங்கவில்லை. குமாஸ்தாக்களும் வக்கீல்களும் லீவு லெட்டர் எழுதுகிறவர்களும் வெகு நாளாக அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பின்ஸீட்டில் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணம் நின்று போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "ஊர் வாயை மூட முடியுமா?" என்றாள் ஒருத்தி. "ஊரைப் பாத்தா நாம வாழ முடியுமா?" என்றாள் மற்றவள். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் நண்பரின் நோட்டில் பன்னிரண்டு ஊர் சேர்ந்துவிட்டது. இறங்க வேண்டிய இடம், பிறந்த மண், ஜனங்கள், வம்பு பேசும் வாய், ஊர் பேர் தெரியாதவன் என்றால் அடையாளம், ஊரைக் கூட்டினால் கூச்சல், ஊர் அடங்கினால் இரவு. இந்தக் கடைசிப் பிரயோகத்திலிருந்துதான் 'ஊரடங்கு' வந்தது. 2020 மார்ச்சிலிருந்து நாம் எல்லோரும் அனுபவித்ததே, அதுதான். இங்கிலீஷில் அதற்குச் சொல்லும் 'கர்ஃபியூ' என்ற வார்த்தையும் இரவுக்காக அடுப்புத் தீயை மூடிவைப்பது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுப் பிரயோகம்தான். அவர்கள் நெருப்பை அடக்கினார்கள், நாம் ஊரை அடக்கினோம்.

இத்தனை அர்த்தம் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்தப் பாஷையிலும் புழங்கின வார்த்தைக்குப் பல அர்த்தம் இருக்கும். நண்பரை மலைக்க வைத்தது வேறொன்று. ஒரே வார்த்தை நேர் எதிரான இரண்டு அர்த்தத்தைத் தாங்கி நிற்கிறது. "எங்க ஊரு" என்று கிழவி சொன்னபோது ஊர் என்பது தன்னுடையது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பழமொழி சொல்லும்போது ஊரான் என்பவன் அந்நியன். ஊரார் பிள்ளை என்றால் பிறத்தியார் பிள்ளை. ஒரே ஊர் எப்படிச் சொந்தமாகவும் பிறத்தியாராகவும் இருக்கிறது?

எனக்குத் தோன்றிய சமாதானம் இது. ஊர் என்பது நம் வீட்டு வாசற்படிக்கு அப்பால் உள்ள முதல் வட்டம். வாசற்படியில் நின்று வெளியே பார்த்தால் அது பிறத்தியார். எட்டிப் போய் நின்று திரும்பிப் பார்த்தால் அதுவே நம்முடையது. தாம்பரத்தில் நிற்கிறவனுக்குச் செங்கல்பட்டு ஊர். டில்லியில் இருக்கிறவனுக்குத் தமிழ்நாடே ஊர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் "ஊருக்குப் போய்விட்டு வந்தேன்" என்றால் இந்தியாவுக்குப் போய் வந்தார்கள் என்று பொருள். 1983-க்குப் பிறகு கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஈழத் தமிழர்கள், அங்கே இருந்துகொண்டு தத்தம் ஊரின் பெயரால் சங்கம் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்திய இரவு, வண்டலூருக்கு அருகே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறந்த பஸ் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். அத்தனை ஜனமும் 'ஊருக்கு'ப் போகிறது. அவர்கள் விட்டுவிட்டுப் போகிற சென்னை எத்தனை பெரிய பட்டணமானாலும் அன்றைக்கு அது ஊர் இல்லை.

சர்க்கார் போடுகிற எல்லைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செங்கல்பட்டு ஜில்லா என்று வெகுகாலம் இருந்தது. 1997-ல் அதைப் பிரித்தபோது எங்கள் ஊர் காஞ்சீபுரம் ஜில்லாவுக்குள் போயிற்று. 2019 நவம்பரில் மறுபடியும் செங்கல்பட்டு என்றே ஒரு மாவட்டம் வந்தது. இத்தனை மாற்றத்திலும் "எந்த ஊர்?" என்று கேட்டவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில் மாறவில்லை. வாலண்டைன் டானியல் என்ற மானிடவியல் அறிஞர், இலங்கையில் பிறந்தவர், 1984-ல் வெளியான தமது ஆராய்ச்சி நூலில் இந்த ஒரு வார்த்தைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். கிராமம், தேசம் என்பவை எல்லோருக்கும் பொதுவாக எல்லை கட்டிய சொற்கள்; ஊர் என்பது சொல்லுகிற ஆளை வைத்து அளக்கிற சொல் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கிழவிக்கும் கண்டக்டருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனாலும் இங்கிலீஷில் எழுதி நிலைநாட்ட ஒருவர் வேண்டியிருக்கிறதே!

இதைப் புரிந்துகொண்டால் மொழிபெயர்ப்புகளை எடை போட ஒரு தராசு கிடைக்கிறது. கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதல் அடி தமிழ் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். இங்கே எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதில் வரும் 'ஊர்' என்பதைப் போப்பையர் 'டவுன்' என்று ஆக்கினார். 1999-ல் வெளிவந்த ஹார்ட் - ஹைஃபெட்ஸ் மொழிபெயர்ப்பில் அது 'சிடி'. ஏ. கே. ராமானுஜன் 1985-ல் வெளியிட்ட தொகுப்பில் 'ஹோம் டவுன்' என்று போட்டார். இந்த மூன்றில் என் ஓட்டு ராமானுஜனுக்கே. டவுன் என்றோ சிடி என்றோ சொன்னால், எல்லா இடமும் நமக்கு ஒன்றுதான் என்ற நல்லெண்ணம் மட்டும் கிடைக்கிறது. புலவர் அதைவிடத் துணிச்சலான காரியம் செய்கிறார். ஊர் என்பது எத்தனை குறுகிய, எத்தனை பிடிவாதமான வார்த்தை என்று தெரிந்தே, அதை எடுத்து உலகத்தின் மேல் விரிக்கிறார். அந்தக் குறுகலை 'ஹோம்' என்ற ஒரு சொல் காட்டிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எல்லா ஊரும் தம் ஊர் என்றவரை நாம் இன்றுவரை அவருடைய ஊரின் பெயரால்தான் அடையாளம் காண்கிறோம். பூங்குன்றம் என்பது சிவகங்கைச் சீமையில் உள்ள இன்றைய மகிபாலன்பட்டி என்பார்கள்.

பேசிக்கொண்டே மாமல்லபுரம் வந்து சேர்ந்தோம். அங்கே பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரே, வழிகாட்டிகள் வெளியூர்க்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அர்ச்சுனன் தபசு என்றார். பத்தடி தள்ளி நின்ற இன்னொருவர் கங்கை இறங்கி வருகிற காட்சி என்றார். இரண்டு கட்சிக்கும் பண்டிதர்கள் உண்டு. "கல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, கீழே பெயர்ப் பலகை எழுதுகிறவனுக்குத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கஷ்டம்" என்று நண்பர் பெருமூச்சு விட்டார். தம்முடைய தொழிலை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கடற்கரைக் கோவிலுக்கு அப்புறம் மணலில் நடந்து, வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் போய் உட்கார்ந்தோம். பையன் எங்கே என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஊருக்குள்ள போயிருக்கான் சார், வந்துடுவான்" என்றார். கடைத்தெருவைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "சாயங்காலம் ஊர்ல கூட்டம். அதுக்கு முன்னாடி இதை முடிக்கணும்" என்றார். இந்த ஊர் அவருடைய குப்பம். அங்கே மீனவர்களின் பஞ்சாயத்துக்கு ஊர் என்றுதான் பெயர். ஊர்க் கட்டுப்பாடு, ஊர்ப் பணம், ஊர்க் கூட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரே மனிதர், ஐந்து நிமிஷத்துக்குள், ஊருக்கு வெளியேயும் இருந்தார், ஊருக்குள்ளேயும் இருந்தார்.

பழைய இலக்கணக்காரர்கள் நிலத்துக்கு நிலம் குடியிருப்பின் பெயரை வகுத்தபோது, பேரூர், மூதூர் என்பவற்றை வயல் சூழ்ந்த மருதத்துக்குக் கொடுத்தார்கள். கடற்கரைக்குக் கிடைத்தது பாக்கமும் பட்டினமும்தான். அந்த வகுப்பு எழுத்துப்படி நிற்கவில்லை. திருவான்மியூரும் பனையூரும் கடலோரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மாமல்லபுரத்தைச் சுற்றிச் சாலவான்குப்பம், கொக்கிலமேடு, புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் என்று பெயர்களைக் கேட்டுக்கொண்டே போனால், ஊர் என்ற வார்த்தையில் வயற்காட்டின் வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது என்று தோன்றும். நிலம் உள்ளவனின் வார்த்தை அது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இதை இன்னும் தெளிவாகச் சொல்லுகின்றன. பிராமணர்களுக்கு விட்ட கிராமங்களில் நிர்வாகம் செய்தது சபை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்தது அப்படிப்பட்ட ஒரு சபைதான். மற்றக் கிராமங்களில், நிலமுள்ள குடிகள் கூடி முடிவெடுத்த அவைக்கு 'ஊர்' என்றே பெயர். அவர்கள் பத்திரம் எழுதும்போது 'ஊரோம்' என்று கையெழுத்திட்டார்கள். ஊராகிய நாங்கள் என்று அர்த்தம். ஓர் இடத்தின் பெயர் தன்மைப் பன்மையில் பேசுகிறது! இதற்கு நேரான இங்கிலீஷ் கிடையாது. சரித்திர ஆசிரியர்கள் 'ஊர்' என்ற சொல்லை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவிட்டு மேலே போகிறார்கள். சரித்திரத்துக்கு அது போதும். கதைக்குப் போதாது. சாய்ந்த எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தையைப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் அர்த்தம் கொடுப்பது, விருந்துக்கு வந்தவரைத் திண்ணையிலேயே உட்கார வைத்துச் சாதம் போடுகிற மாதிரி.

'நாங்கள்' என்று ஒரு கூட்டம் சொன்னால் அதில் சேராதவர்கள் யார் என்ற கேள்வி உடனே எழும். என் நண்பர் அந்தக் கேள்வியைத்தான் மணலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார்.

என் கதையில் திரௌபதி அம்மன் கோவில் தீமிதி ஒன்று வருகிறது. எங்கள் பக்கத்தில் கோடைக்குக் கோடை நடக்கிற திருவிழா. கதையின் உச்சகட்டம் அதுதான். "தீமிதி பார்க்க ஊரே திரண்டு வந்திருந்தது" என்று எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம் என்று எனக்கு நெடுநாளாக ஒரு கர்வம்கூட உண்டு.

"இதை 'ஹோல் வில்லேஜ்' என்று போட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு பக்கம் முன்னால், பறையடிக்கச் சேரியிலிருந்து ஆள் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் இந்த ஊரில் சேர்ந்தவர்களா, இல்லையா? சேர்ந்தவர்கள் என்றால் வெளியிலிருந்து கூப்பிடுவானேன்? சேராதவர்கள் என்றால் 'ஹோல் வில்லேஜ்' என்பது பொய்யாகிவிடாதா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கதை வெளிவந்து வருஷங்கள் ஆகின்றன. பாராட்டிக் கடிதங்கள் வந்தன; குறை சொல்லியும் வந்தன. தமிழ் வாசகர் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், அவர்களுக்கு வாக்கியம் நன்றாகப் புரிந்துவிட்டது. ஊர் என்றால் யார், சேரி என்றால் யார் என்று நமக்குத் தாய்ப்பாலோடு தெரியும். 'ஊரே' என்கிற ஏகாரத்துக்குள் யார் அடக்கம், யார் அடக்கமில்லை என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தமிழில் மறைந்து கிடந்த வேலி, இங்கிலீஷுக்குப் போகிற வழியில் தடுக்கிற்று.

'சேரி' என்பது ஆதியில் இழிவான வார்த்தை இல்லை. சேர்ந்து வாழ்கிற இடம் எல்லாம் சேரிதான். உத்தரமேரூர்ப் பிராமணர்களின் குடியிருப்பே பன்னிரண்டு சேரிகளாகப் பிரிந்திருந்தது. ஆனால் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது ஊர் நத்தம் என்று ஒன்றும், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வேறாகவும் எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டிய வேலி அது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு நிலம் இல்லாதது மட்டுமல்ல, குடிசை நிற்கிற மனைகூட மிராசுதாரர் தயவில்தான் என்று எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் 1892-ல் வந்த அரசாணையைத் தொடர்ந்துதான், நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லுகிற நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அப்படிப்பட்ட நிலத்தை மீட்பதற்காக, மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள காரணை கிராமத்தார் 1994-ல் நடத்திய போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் பலியானார்கள். நான் குடியிருக்கிற ஊரில் நடந்த சம்பவம் இது. அதற்குப் பிறகு பல வருஷம் கழித்து எழுதிய கதையில்தான் 'ஊரே' என்று கூசாமல் எழுதியிருக்கிறேன்.

'வில்லேஜ்' என்ற இங்கிலீஷ் வார்த்தை ஒன்றும் யோக்கியம் இல்லை. 1830-ல் மெட்காஃப் துரை இந்தியக் கிராமங்களைக் குட்டிக் குடியரசுகள் என்று வர்ணித்து வைத்தார். அந்தப் புகழ்ச்சியில் நம்மவர்கள் வெகுகாலம் மயங்கிக் கிடந்தார்கள். 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் அந்த மயக்கத்தைக் கடுமையாகக் கலைத்தார். ஆகவே, ஊருக்குப் பதில் வில்லேஜ் என்று போட்டால், நம்முடைய வேலியை எடுத்துவிட்டு அவர்களுடைய பூந்தோட்டத்தை வைக்கிற காரியமாகத்தான் முடியும்.

இதற்கு நம் இலக்கியத்திலேயே நல்ல பாடங்கள் இருக்கின்றன. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வெளிவந்தது. தம் ஊரின் அழகைச் சொல்லித்தான் தொடங்குகிறார். ஊர் என்ற வார்த்தையைத் தமக்கும் உரியதாக எடுத்துக்கொள்கிறார். எடுத்துக்கொண்ட பிறகு, எந்தெந்தத் தெருவில் எந்தெந்த ஜாதி இருக்கிறது என்று எண்ணிக் காட்டிவிடுகிறார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தது. அதில் காலனிக்குத் துணி வெளுக்கிற குடும்பத்தின் கண்ணால் எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஊர் என்பது அங்கே எட்டத்தில் இருக்கிற ஒன்று. இரண்டையும் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரம் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். இந்த இரண்டு புத்தகங்களிலும் 'ஊர்' என்று வரும் இடங்களில் யார் சொல்லுகிறார்கள், எங்கே நின்று சொல்லுகிறார்கள் என்பது துலக்கமாகத் தெரிகிறது.

எங்களைப் போன்றவர்கள் எழுதுகிற குடும்பக் கதைகளில் அது தெரிவதில்லை. எங்களுக்கு ஊர் என்பது ஒரு சௌகரியம். கதாநாயகி தாலியைக் கழற்றாமல் இருக்க வேண்டுமா? ஊர் என்ன சொல்லும்! கதாநாயகன் கடனை அடைக்க நிலத்தை விற்க வேண்டுமா? ஊர் சிரிக்கும்! பெயரும் முகமும் இல்லாத ஒரு பாத்திரத்தைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, எப்போது வேண்டுமோ அப்போது பேச வைத்துக்கொள்கிறோம். பேசினது யார், எதிர்வீட்டு அம்மாளா, பெரிய தனக்காரரா, பங்காளியா என்று கேட்டால் ஆசிரியருக்கே தெரியாது. பெருமாள்முருகன் 2010-ல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலில், குழந்தையில்லாத தம்பதியை ஊர் வாய் வதைக்கிறது. ஆனால் அங்கே எந்த வாய் என்ன சொல்லிற்று என்று நமக்குத் தெரியும். அந்த உழைப்பை மிச்சம் பிடிக்கத்தான் மற்றவர்கள் 'ஊர்' என்று எழுதுகிறோமோ என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கடைசியில் நாற்பத்தோரு ஊர் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டே கேள்வி: சொல்லுகிறவன் எங்கே நிற்கிறான்? சொல்லும்போது யாரை எண்ணுகிறான்? பதினாறு வில்லேஜில் ஒன்பதுதான் மிஞ்சிற்று. பல இடங்களில் 'வீடு' என்று அர்த்தம் வரும் 'ஹோம்' வந்தது. சில இடங்களில் ஜனங்கள் வந்தார்கள். சில இடங்களில் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். இரண்டு இடத்தில் இன்னார்தான் பேசினார் என்று என்னைப் பெயர் சொல்ல வைத்துவிட்டார் நண்பர். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை என்ற தம் கொள்கையை அவர் விட்டுக்கொடுத்தார். எல்லாம் ஒரே வார்த்தை என்று இங்கிலீஷ் வாசகனுக்குத் தெரியாமல் போவது நஷ்டம்தான். ஆனால் பொய்யைவிட நஷ்டம் மேல்.

தீமிதி வாக்கியம் ஒன்று மட்டும் பாக்கி. அதை மொழிபெயர்ப்பில் திருத்தினால் போதாது, தமிழிலேயே திருத்த வேண்டும் என்று எனக்குப் பட்டது. யார் யார் வந்தார்கள், எந்தத் தெருக்காரர்கள் எங்கே நின்றார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். பறையடித்தவர்கள் கோவில் வாசலில் நின்றார்கள், சரி. அவர்களுடைய பெண்டு பிள்ளைகள்? எழுத முடியவில்லை. எனக்குத் தெரியாது. சிறுவயது முதல் எத்தனையோ தீமிதி பார்த்தவன் நான். அவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

போய்க் கேட்டேன். எண்பது வயசுக்குக் குறையாத ஒரு மூதாட்டி, நான் கேட்டதில் என்ன பெரிய விசேஷம் என்பதுபோல் பதில் சொன்னாள்.

"ஏரிக்கரை மேல நின்னு பாப்போம் தம்பி. நெருப்பு தெரியாது. பொகைதான் தெரியும்."

அடுத்த பதிப்பில் 'ஊரே' என்பது இராது. ஏரிக்கரையும் புகையும் இருக்கும். இங்கிலீஷிலும் அப்படியே சேர்த்துவிடும்படி நண்பருக்கு எழுதியிருக்கிறேன்.